திரும்பிப் போகலாம் என்று யார் சொல்வது?

பேரிடர்க் காலத் தகவல் குறித்து ஜொகூர் பாருவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



வெள்ளம் வருகிறது, கிளம்புங்கள் என்று மக்களிடம் சொல்வது எப்படி? இதற்கு நூல்கள் இருக்கின்றன, பயிலரங்குகள் இருக்கின்றன, ஆற்றங்கரையில் சைரன்கள் இருக்கின்றன. கிளம்பிப் போனவர்களிடம் இனி வீடு திரும்பலாம் என்று சொல்வது எப்படி? இதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. முதல் அறிவிப்பைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். இரண்டாம் அறிவிப்பை யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இன்று அந்த இரண்டாம் அறிவிப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஜொகூரில் நின்றுகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்த மாநிலத்தைத் தாக்கிய பெருந்துன்பங்கள் பல ஒருமுறை வந்து ஓயவில்லை. போய்விட்டது என்று நினைத்த நேரத்தில் திரும்பி வந்தவை அவை.

2006 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பெய்த மழை இங்கிருக்கும் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. சிகாமட், குளுவாங், கோத்தா திங்கி, பத்து பகாட், மூவார் என்று மாநிலத்தின் பாதி தண்ணீருக்குள் போனது. மக்கள் பள்ளி மண்டபங்களில் தங்கினார்கள். தண்ணீர் வடிந்தது, வீடு திரும்பினார்கள். சேற்றை வழித்து, மெத்தையை வெயிலில் போட்டு, சாமி படங்களைத் துடைத்து மாட்டினார்கள். 2007 ஜனவரி இரண்டாம் வாரத்தில் மறுபடியும் மழை. கோத்தா திங்கி பட்டணம் இரண்டாம் தடவை மூழ்கியது. இந்தச் சுற்றில் துயர்துடைப்பு மையங்களுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இரண்டு சுற்றிலும் சேர்த்து 18 உயிர்கள் போயின. நூறாண்டுகளில் ஜொகூர் காணாத வெள்ளம் என்று அதைச் சொன்னார்கள்.

மழையைத் தடுக்க யாராலும் ஆகாது. ஆனால் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இருக்கும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பாடம். டிசம்பர் கடைசியில் வீடு திரும்பும் குடும்பத்துக்குப் பருவமழை இன்னும் பாதியைத் தாண்டவில்லை என்ற சேதி தேவைப்படுகிறது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாம் பையிலேயே இருக்கட்டும், அலமாரியில் அடுக்க வேண்டாம் என்று ஒருவர் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகலாம் என்ற ஒற்றை வரியை மட்டும் காதில் வாங்கியவர் ஆபத்து முடிந்ததென்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொண்டதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

வெள்ளத்திலாவது ஒரு வசதி உண்டு. தண்ணீர் வடிந்ததா இல்லையா என்பதை யாரும் வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தில் அந்த வசதியும் கிடையாது. அதற்குச் சான்றாக, ஜொகூரின் பாசிர் கூடாங்கில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2019 மார்ச் 7, வியாழக்கிழமை. பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் லாரியில் கொண்டுவந்து கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் ஆவி காற்றில் கலந்து, பக்கத்தில் இருந்த பாசிர் பூத்தே பள்ளிகளின் மாணவர்களைத் தாக்கியது. மூச்சுத்திணறல், குமட்டல், வாந்தி, மயக்கம். பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஆக, சம்பவத்தை அடுத்து இரண்டு நாள் இயல்பாகவே ஓர் அமைதி. விடுமுறையின் அமைதி எது, காற்று சுத்தமானதால் வந்த அமைதி எது என்று ஒரு தாமானில் வசிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

மார்ச் 11, திங்கட்கிழமை இரண்டாம் அலை வந்தது. ஆற்றில் கழிவு இன்னும் கிடந்தது. வெயிலும் காற்றும் சேர்ந்துகொண்டதும் ஆவி மறுபடி கிளம்பிப் பரவியது. இம்முறை பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பள்ளிகளின் பிள்ளைகள் மட்டும் இல்லை. மார்ச் 13-இல் அன்றைய கல்வியமைச்சர் மஸ்லீ மாலிக், பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூட உத்தரவிட்டார். பாசிர் கூடாங் உள்ளரங்கத்தில் மருத்துவ முகாம் போடப்பட்டது. மொத்தத்தில் சிகிச்சை தேடிப் போனவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். மார்ச் 14-இல் அன்றைய பிரதமர் மகாதீர் நேரில் வந்தார். மக்களை அப்புறப்படுத்தவோ அவசரநிலை பிரகடனம் செய்யவோ தேவையில்லை என்ற முடிவு அறிவிக்கப்பட்டது.

அந்த முடிவு சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நான் கவனிப்பது மார்ச் 7-க்கும் 11-க்கும் இடைப்பட்ட நாட்களை. முதல் அலைக்குப் பிறகு மக்களுக்கு வேண்டியிருந்த தகவல் மூன்றே மூன்று. ஆறு சுத்தமாகிவிட்டதா? காற்றை யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு அளந்தார்? அடுத்த அளவை எப்போது சொல்வார்கள்? செய்தித்தாளில் பென்சீன், அக்ரோலின், அக்ரிலோநைட்ரைல் என்று பெயர்கள் வந்தன. அவற்றை வெளியிட்டது நல்லதுதான், மருத்துவருக்கு அவை தேவை. பக்கத்து மாசாயில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நாளைக்குப் பிள்ளையை அனுப்பலாமா? ஜன்னலைச் சாத்துவதா, திறந்து வைப்பதா? ஆஸ்துமா உள்ள மாமியாரைக் கொஞ்ச நாள் கூலாயில் இருக்கும் மகள் வீட்டில் விடலாமா? அவருடைய அறிவியல் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

பதில் வராத இடத்தில் புலனக் குழு பதில் சொல்லத் தொடங்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பொய்ச் செய்தி பரப்பாதீர்கள் என்று அதிகாரிகள் எச்சரிப்பதை நானும் ஆதரிக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்வேன்: பொய்ச் செய்திக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு மௌனம் இருந்திருக்கும். முகக்கவசம் வாங்க ஓடினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் சரி, என்95 கவசமும் சரி, தூசியையும் துளிகளையும் தடுக்கும். இரசாயன ஆவியைத் தடுக்காது. அதற்கு வேறு வடிகட்டி வேண்டும். இதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் கவசம் மாட்டிய பிள்ளை ஆற்றோரமாகவே பள்ளிக்கு நடந்து போகும்.

அதே ஆண்டு ஜூன் மாதம் பாசிர் கூடாங்கில் மறுபடியும் மாணவர்கள் வாந்தியெடுத்தார்கள். பாலர்பள்ளிகள் உட்பட 475 கல்வி நிலையங்கள் மூன்று நாளைக்கு மூடப்பட்டன. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருமுறை எல்லாம் சரியாகிவிட்டது என்று கேட்டிருந்த பெற்றோரிடம் அதே வாக்கியத்தை மறுபடி சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்?

இரண்டாம் அறிவிப்பு ஏன் எப்போதும் அவசரப்படுகிறது? கெட்ட எண்ணம் காரணம் இல்லை. நாலாபக்கமும் நெருக்குதல். நம் ஊரில் துயர்துடைப்பு மையங்கள் பல பள்ளிக்கூடங்கள்தாம். பள்ளி திறக்க வேண்டுமானால் குடும்பங்கள் வெளியேற வேண்டும். ஆலைகள் இயங்க வேண்டும், துறைமுகம் இயங்க வேண்டும். மண்டபத்தில் விரிப்பில் படுத்திருக்கும் மக்களும் வீட்டுக்குப் போகத் துடிக்கிறார்கள். தொண்டூழியர்கள் களைத்திருக்கிறார்கள். முதல் அறிவிப்பைத் தாமதப்படுத்தத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். இரண்டாம் அறிவிப்பை விரைவுபடுத்த எல்லாரும் சேர்ந்து தள்ளுவார்கள். இதை எதிர்த்து நிற்க மாவட்ட அதிகாரிக்கு எழுத்தில் இருக்கும் விதி ஒன்றுதான் துணை. 2023 மார்ச் வெள்ளத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் ஜொகூர் மையங்களில் இருந்தார்கள். பத்து பகாட், யோங் பெங் பக்கம் தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆயிற்று. தாழ்ந்த நிலம், கடல் ஏறும் நேரத்தில் ஆறு வடியாது. மழை நின்று வானம் வெளுத்த பிறகும் வீட்டுக்குப் போக முடியாது என்பதை மண்டபத்தில் இருப்பவருக்கு நாள்தோறும் விளக்க வேண்டிய நிலை அங்கே இருந்தது.

அவசர ஆறுதல் என்ன செய்யும் என்பதற்கு இத்தாலியின் லாக்விலா என்ற பழைய நகரம் சான்று. 2009-இல் அங்கே மாதக்கணக்காகச் சிறு நில அதிர்வுகள். மார்ச் 31-இல் பேரிடர் நிபுணர் குழு அந்த நகரத்தில் கூடியது. கூட்டத்துக்கு முன்பே, குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் தொலைக்காட்சியில் பேசினார். சிறு அதிர்வுகள் வருவது நல்லதுதான், சக்தி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும் என்ற பொருளில் சொன்னார். கவலைப்படாமல் ஒரு கோப்பை வைன் குடிக்கலாம் என்ற பேச்சும் கூடவே வந்தது. அறிவியல்படி அந்தக் கருத்துக்கு ஆதாரம் இல்லை. ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 6 அதிகாலையில், 6.3 அளவில் நிலம் குலுங்கி 309 பேர் மாண்டார்கள். அந்த ஊரில் பரம்பரைப் பழக்கம் ஒன்று உண்டு: இரவில் அதிர்வு வந்தால் வீட்டைவிட்டு வெளியே வந்து திறந்தவெளியில் படுப்பது. அன்று இரவும் பெரிய அதிர்வுக்கு முன்னால் சிறு அதிர்வுகள் வந்தன. தொலைக்காட்சியில் கேட்ட ஆறுதலை நம்பி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டவர்களின் உறவினர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012-இல் ஏழு பேருக்குத் தண்டனை. 2014-இல் மேல்முறையீட்டில் ஆறு அறிவியலாளர்களும் விடுவிக்கப்பட்டார்கள். தொலைக்காட்சியில் பேசிய அதிகாரிக்கு மட்டும் குறைக்கப்பட்ட தண்டனை நிலைத்தது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதற்காக அறிவியலாளர்களைத் தண்டித்தார்கள் என்று உலகம் முழுக்கப் பரவிய கதை பாதி உண்மை. வழக்கின் உயிர்நாடி அந்த ஆறுதல் வார்த்தை.

லாக்விலா எங்கோ இருக்கிறது என்று 2025 ஆகஸ்ட் வரை நாம் நினைத்திருக்கலாம். அம்மாதம் 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 6.13-க்குச் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்தது. ஜொகூர் மட்டுமின்றி நெகிரி செம்பிலானிலும் மலாக்காவிலும் பகாங்கின் தென்பகுதியிலும் உணர்ந்தார்கள். அன்று காலையே இன்னொரு சிறு அதிர்வு. தொடர்ந்த நாட்களில் மேலும் சில. நிலநடுக்கம் இந்தோனேசியாவின் விவகாரம், நமக்கு வருவது அதன் எதிரொலிதான் என்று வளர்ந்த தலைமுறை நம்முடையது. இந்த நிலையில் அதிகாரி என்ன சொல்ல முடியும்? இனி வராது என்று சொன்னால் பொய். பெரிதாக வரும் என்று சொன்னாலும் பொய். இன்னும் சில நாட்களுக்குச் சிறு அதிர்வுகள் வரலாம், வந்தால் இப்படிச் செய்யுங்கள், சுவரில் விரிசல் கண்டால் இன்ன இடத்தில் தெரிவியுங்கள் என்று சொல்லலாம். நேர்மையும் பயனும் சேர்ந்த வாக்கியம் அது ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்பது அலுவலகங்களில் உலவும் நம்பிக்கை. ஏமாற்றப்பட்டோம் என்று பிறகு தெரியவரும்போது மக்கள் என்ன ஆவார்கள் என்பதை லாக்விலாவில் பார்த்தோம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2004 டிசம்பர் 26 சுனாமி முடிந்து நான்காம் நாள், டிசம்பர் 30-இல், இந்திய உள்துறை அமைச்சகம் இன்னொரு சுனாமி வரலாம் என்று எச்சரித்தது. நாகப்பட்டினத்திலும் மற்றக் கடலோர ஊர்களிலும் மக்கள் கிடைத்த லாரியில் ஏறி ஓடினார்கள். நிவாரணப் பணி நின்றது. அந்த எச்சரிக்கையின் மூலம் அமெரிக்காவிலிருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் கணிப்பு என்று தெரியவந்தது. அன்றைய அறிவியல் அமைச்சர் கபில் சிபல் அதற்கு அடிப்படையில்லை என்று மறுத்தார். பிணங்களை இன்னும் அடக்கி முடிக்காத ஊர்களை இரண்டாம் முறை ஓடவிட்டது அந்த அறிவிப்பு. அவசரமாக ஆறுதல் சொல்வதும் அவசரமாக அலறுவதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். அளவுகோல் கையில் இல்லாதபோது பேசுவதுதான் அந்த நோய்.

அளவுகோல் வந்த பிறகு என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. ஐதராபாத்தில் 2007 அக்டோபரில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் பூகம்பம். சென்னையில் அலுவலகக் கட்டடங்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள், மெரினாவிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். எச்சரிக்கை வந்தது, மாலைக்குள் திரும்பப் பெறப்பட்டது. கடல்மட்டக் கருவிகள் காட்டிய அளவு சிறிது. கடல்தரை மேலும் கீழும் எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. காரணத்தோடு வந்த வாபஸ் அது. எச்சரித்து ஒன்றும் நடக்கவில்லையே என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். கேலி செய்ய அவர்கள் உயிரோடு இருந்தது நல்ல விஷயம்தானே.

சரி, அறிவிப்பு எந்த வழியாக வர வேண்டும்? இதில் புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தை நான் எப்போதும் சொல்வேன். சுனாமியன்று சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் சேதி கேட்டு வீட்டுக்குத் தொலைபேசினார். நம் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன அழைப்பு அது. ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்தார்கள், ஊர் காலியானது. 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள். அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைக்கப்பட்டதன்று. அன்றாடம் அலையின் உயரத்தையும் காற்றையும் மீனவர்களுக்குச் சொல்லிவந்த குரல். நேற்றுச் சொன்னதும் முந்தாநாள் சொன்னதும் கடலில் சரியாக இருந்ததால்தான் அன்று அது ஓடு என்றதும் ஓடினார்கள்.

நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் பெரட்டு இருந்தது. விடியற்காலையில் எல்லாரும் ஓரிடத்தில் கூடி, வேலையும் சேதியும் அங்கேயே சொல்லப்பட்டன. அந்தக் காலத்துக் கொடுமைகளை நான் மறக்கச் சொல்லவில்லை. தோட்டம் கலைந்து மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தபோது அந்த அன்றாடக் கூடுகையும் போய்விட்டது என்று மட்டும் சொல்கிறேன். இப்போது மூத்தவர்கள் மின்னல் எஃப்எம் கேட்கிறார்கள், நடுவயதினர் பள்ளியின் பெற்றோர் புலனக் குழுவைப் பார்க்கிறார்கள், இளையோர் வேறெங்கோ இருக்கிறார்கள். மாவட்டப் பேரிடர்க் குழுவுக்கு மாவட்ட அதிகாரி தலைவர். 1997-இல் வந்த தேசிய பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் உத்தரவு முதல் இந்த அமைப்பு இருக்கிறது. ஆறுகளின் மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. தகவல் இல்லாத நாடு இல்லை நம்முடையது. அந்த எண்ணை எடுத்துத் தமிழில், பாட்டிக்குப் புரியும்படி, தினமும் சொல்லும் குரல்தான் நம்மிடம் இல்லை. வெள்ளம் வந்த நாளில் மட்டும் மொழிபெயர்த்தால் அந்தக் குரல் யாருக்கும் பழக்கமிருக்காது.

கேள்வியைத் தெரிந்துகொள்ளாமல் பதில் எழுதினால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச்சில் இதே ஜொகூர் பாருவில் பார்த்தோம். மார்ச் 16 இரவு கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது, 18-இல் அமல். பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரமாயிரம் பேருக்கு ஒரே கேள்வி: நாளை மறுநாள் நான் போகலாமா, போனால் திரும்பலாமா? அதற்குத் தெளிவு பிறப்பதற்குள் 17-ஆம் தேதி இரவு மூட்டையோடு பாலத்தில் கூட்டம் நெரிந்தது. அதே நாளில் மாநிலம் விட்டு மாநிலம் போகக் காவல்துறை அனுமதி தேவை என்று அறிவிக்கப்பட்டு, நாடெங்கும் காவல் நிலையங்களில் மக்கள் முண்டியடித்தார்கள். இரவுக்குள் அந்த ஏற்பாடு தள்ளிவைக்கப்பட்டது. கூட்டம் கூடாதே என்பதற்காக வந்த அறிவிப்பே கூட்டத்தைக் கூட்டியது.

கடைசியாக, இந்த அரங்கில் பள்ளி வாரியத்தினரும் கோயில் நிர்வாகத்தினரும் இருப்பதால் சில காரியங்களை நேராகச் சொல்கிறேன். உங்கள் வட்டாரத்தில் பேரிடர் முடிந்தது என்று அறிவிப்பு வரும்போது கேட்டு வாங்க வேண்டியவை உண்டு: அளந்தவர் யார், அளந்த நேரம் எது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. மூன்றாவதுதான் முக்கியம். புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் மாலை 6 மணிக்கு அதைச் சொல்வோம் என்று அறிவித்து, 6 மணிக்குச் சொல்லிவிட வேண்டும். இரவு 9 மணிக்குப் புலனக் குழுவில் வரும் வதந்திக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. பள்ளி திறக்கும் நாளில் காற்றின் அளவையோ ஆற்றின் மட்டத்தையோ நுழைவாயிலில் ஒரு தாளில் ஒட்டச் சொல்லுங்கள். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும். வீடு திரும்புவது கட்டாயமில்லை, அச்சமுள்ளவர் இன்னும் இரண்டு நாள் மண்டபத்திலேயே தங்கலாம் என்ற வழியைத் திறந்து வைக்கக் கோருங்கள். மூச்சு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கடைசியில் திரும்பட்டும்.

கோயிலில் ஒலிபெருக்கி இருக்கிறது, பள்ளியில் மண்டபம் இருக்கிறது, இரண்டுக்கும் செயலாளர் இருக்கிறார். அவருடைய கைப்பேசி எண் மாவட்ட அலுவலகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நவம்பருக்கு முன்னால் போய்ப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வாருங்கள். செயலாளர் மாறும்போது எண்ணையும் மாற்றுங்கள்.